மூக்கில்லாத எதிரி

ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் இந்திரன் வீழ்த்திய தஸ்யுக்களுக்கு ஓர் அடைமொழி வருகிறது: அனாஸ. இந்தச் சொல்லை எங்கே பிரிப்பது என்பதில் ஒரு நூற்றாண்டு அரசியல் அடங்கியிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் வேதத்துக்கு உரை கண்ட சாயணர் அதை அன் + ஆஸ என்று பிரித்தார். ஆஸ்யம் என்றால் வாய். ஆகவே தஸ்யுக்கள் வாயற்றவர்கள், பேச்சு விளங்காதவர்கள். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள், மாக்ஸ் முல்லர் உட்பட, அ + நாஸ என்று பிரித்தார்கள். நாசியற்றவர்கள், அதாவது சப்பை மூக்கர்கள். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி இரண்டாவது பொருளைப் பற்றிக்கொண்டார். பூர்வகுடிகளின் மூக்கைப் பற்றி வேதம் அடிக்கடி பேசுவதாக எழுதினார். உண்மையில் அந்தச் சொல் வேதத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணை வைத்து அவர் இந்தியச் சாதிகளை வரிசைப்படுத்தினார். மூக்கு அகல அகலச் சமூக நிலை தாழும் என்று விதியும் வகுத்தார். பேச்சு புரியாத எதிரி, அளந்து பார்க்கத்தக்க உடலாக மாறிய கதை இது. பேச்சு புரியாதவன் நாளை நம் மொழியைக் கற்றுக்கொள்ளலாம். மூக்குச் சரியில்லாதவன் என்ன செய்வான்?

1958இல் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஒரு கடிதம் எழுதினார். அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் படமாக்குவதற்காக எழுதப்பட்ட ஒரு திரைக்கதையில், நாவலின் எதிரிப் படையினரான ஓர்க்குகளுக்கு அலகும் இறகும் முளைத்திருந்தன. அதைத் திருத்தப் புகுந்தவர், ஓர்க்குகள் எப்படி இருப்பார்கள் என்று விவரித்தார்: குட்டை, பருத்த உடல், தட்டை மூக்கு, மஞ்சள் பாய்ந்த தோல், அகன்ற வாய், சரிந்த கண், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவையாகப் படும் மங்கோலிய முகங்களின் சீரழிந்த வடிவம். மீண்டும் மூக்கு. மிகுபுனைவில் இனவாதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இத்தகைய வருணனைகளைத்தான் பலரும் காட்டுவார்கள். தீயவர்களின் தோல் கறுப்பு, நல்லவர்களின் தோல் வெளுப்பு என்பார்கள். அது பிழையில்லை, ஆனால் போதாது. இந்த இலக்கியவகை இன அறிவியலிடமிருந்து பெற்றுக்கொண்டது நிறங்களை மட்டுமல்ல. ஒரு முழு மக்கள்கூட்டத்தின் அறிவும் குணமும் அறமும் இரத்தத்திலேயே முடிவாகிவிடுகின்றன, அந்தக் கூட்டத்தில் பிறந்த எவரும் எதைச் செய்தும் அதிலிருந்து வெளியேற முடியாது என்ற இலக்கணத்தையே பெற்றுக்கொண்டது. அந்த இலக்கணம் பழங்கதைகளிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. சட்டப் புத்தகங்களிலிருந்தும் அளவைப் பட்டியல்களிலிருந்தும் வந்தது என்பதே என் வாதம்.

அயலாரை இகழ்வது எல்லா நாகரிகங்களிலும் இருந்தது. கிரேக்கர்கள் பிற மொழியினரை 'பார்பரோஸ்' என்றார்கள். நாம் மிலேச்சர் என்றோம். ஆனால் அந்த இகழ்ச்சிக்குப் பெரும்பாலும் ஒரு வாசல் இருந்தது. மொழி கற்றால், மதம் மாறினால், மணம் முடித்தால் உள்ளே வரலாம். இனவாதம் அந்த வாசலை அடைத்த இடத்தில் பிறந்தது. 1449இல் ஸ்பெயினின் டொலேடோ நகரம் ஒரு சட்டம் இயற்றியது. கிறித்தவத்துக்கு மாறிய யூதர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் நகரப் பதவிகளை வகிக்கக் கூடாது என்றது அது. ஞானஸ்நானம் பாவத்தைக் கழுவும், இரத்தத்தைக் கழுவாது என்பதே அதன் உட்பொருள். அடுத்த வாசல் அமெரிக்காவில் அடைபட்டது. 1662இல் வர்ஜீனியக் குடியேற்றம், குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் செய்தது. தகப்பன் வழி வருவதே ஆங்கிலேயர் மரபு, அதையே தலைகீழாக்கினார்கள். தன் அடிமைப் பெண்ணிடம் ஆண்டைக்குப் பிறக்கும் பிள்ளையும் ஆண்டையின் சொத்தாகிவிடும். ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான். டொலேடோவும் வர்ஜீனியாவும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. பதவியைப் பங்கிட மறுத்தவர்களும் உழைப்பைச் சொந்தமாக்கிக்கொண்டவர்களும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. டிரினிடாட்டின் வரலாற்றறிஞர் எரிக் வில்லியம்ஸ் 1944இல் இதைத் தெளிவாகச் சொன்னார்: அடிமைமுறையின் விளைவுதான் இனவாதம், காரணமல்ல. முதலில் ஏடு எழுதப்பட்டது. வெறுப்பு அதற்குப் பின்னால் வளர்ந்தது.

ஏட்டுக்குப் பிறகு அறிவியல் வந்தது. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ், 1758இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் மனிதரை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தோல் நிறத்தோடு குணத்தையும் சேர்த்து எழுதினார். ஐரோப்பியரைச் சட்டம் ஆள்கிறது, ஆப்பிரிக்கரை மனம் போன போக்கு ஆள்கிறது என்பது அந்தப் பட்டியலின் ஒரு பகுதி. நிறமும் குணமும் ஒரே வரியில் வந்தால் ஒன்றிலிருந்து மற்றது விளைவதுபோல் கண்ணுக்குப் பட்டுவிடும். 1839இல் பிலடெல்பியாவின் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளில் விதைகளையும், பின்னர் ஈயக்குண்டுகளையும் நிரப்பி மூளையின் கொள்ளளவை அளந்தார். இவையெல்லாம் பின்னாளில் உடைந்தன. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தலையின் வடிவமே மாறுகிறது என்பதை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் காட்டினார். மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள்குழுவுக்குள்ளேயே காணப்படுகிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் கணக்கிட்டார். இந்தியாவில் ரிஸ்லியின் மூக்குக் கணக்குக்கு அம்பேத்கர் விடை சொன்னார். ஒரே பகுதியில் வாழும் பிராமணரும் ஒடுக்கப்பட்டோரும் ஒரே இனத்தவரே, சாதி இனப்பிரிவு அல்ல என்று 1936இல் எழுதினார். பத்தாண்டு கழித்து வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் அனாஸ என்ற சொல்லுக்கே திரும்பிப்போனார். தஸ்யுக்களை மூக்கில்லாதவர்கள் என்று வேதம் வேறெங்கும் சொல்லாதபோது புதுப்பொருள் ஏற்றுவதற்கு நியாயமில்லை, சாயணர் பிரித்ததே சரி என்று தீர்ப்பளித்தார். சாதியால் வதைபட்ட ஒருவர் சாதிக்கு இரத்தத்தில் வேர் தேட மறுத்தது பெரிய அறிவுத்துணிவு. இரத்தத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டால் அழித்தொழிக்க வழியில்லாமல் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு தடை எழும். அரக்கர்களும் பூதங்களும் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறார்களே. ஓர்க்கு அந்தப் பரம்பரைதானே. அதற்கு ஏன் லின்னேயஸைக் கூப்பிட வேண்டும்? பழங்கதைகளை உண்மையாகவே எடுத்துப் பார்த்தால் இந்தத் தடை நிற்காது. தேவரும் அசுரரும் காசியபருக்கு வெவ்வேறு மனைவியரிடம் பிறந்த பிள்ளைகள். இராவணனும் குபேரனும் ஒரே தகப்பனின் மக்கள். வட ஐரோப்பியக் கதைகளில் ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலத்துப் பெண். ஜீயஸ், தான் வீழ்த்திய டைட்டன் குரோனஸின் மகன். பழங்கதையில் எதிரி பங்காளி. பகை இருக்கிறது, கொலை இருக்கிறது, ஆனால் அறுந்துபோன இரத்தம் இல்லை. அதனால்தான் அசுர குலத்தில் பிரகலாதன் பிறக்க முடிகிறது. மாவலியைக் கேரளம் ஆண்டுதோறும் வரவேற்க முடிகிறது. இடும்பியின் மகன் கடோற்கசன் பாண்டவருக்காகச் சாக முடிகிறது. கம்பனின் இராமன் குகனையும் சுக்கிரீவனையும் சேர்த்து எண்ணி வந்து, வீடணனை ஏழாவது சகோதரனாக்குகிறான். இலங்கைப் போருக்கு முன்பே, அரக்கன் ஒருவன் இட்சுவாகு குலத்தில் எண்ணப்பட்டுவிட்டான். பழங்கதைகள் தூயவை என்று நான் சொல்லவில்லை. ஏகலைவன் இருக்கிறான். ஆனால் அவன் கதையைக் கூர்ந்து பார்த்தால், வேடன் மகனுக்கு வில்வித்தை வராது என்று மகாபாரதம் எங்கும் நம்பவில்லை. அர்ச்சுனனைவிட நன்றாக வருகிறது, அதனால்தான் கட்டைவிரலைக் கேட்க வேண்டியிருக்கிறது. அநீதியை ஒருவர் கை செய்கிறது. இயற்கை செய்ததாகக் கதை பொய் சொல்லவில்லை. நவீன மிகுபுனைவின் ஓர்க்குக்குக் கட்டைவிரலைக் கேட்கத் தேவையே இல்லை. வில்லெடுக்கும் தகுதி இல்லாமலே அவன் படைக்கப்பட்டிருக்கிறான்.

இந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதை அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஹெச்.பி. லவ்கிராஃப்டிடம் துல்லியமாகப் பார்க்கலாம். 1924இல் வர்ஜீனியா இனத்தூய்மைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வெள்ளையர் என்று பதிவாக வேண்டுமானால் வேறு இரத்தம் எதுவும் கலந்திருக்கக் கூடாது என்றது அது. செவ்விந்தியப் பெண் போக்கஹோண்டஸின் வழிவந்ததாகப் பெருமை பேசிய மேட்டுக்குடியினருக்காக, பதினாறில் ஒரு பங்கு செவ்விந்திய இரத்தத்துக்கு மட்டும் விலக்கும் வைத்தது. (இந்தச் சட்டத்தை நீதிமன்றம் வீழ்த்த 1967 வரை ஆனது.) அதே 1924இல் அமெரிக்கா தென், கிழக்கு ஐரோப்பியக் குடியேற்றத்தைக் குறுக்கி, ஆசியரை ஏறத்தாழ முழுமையாக வெளியே நிறுத்தியது. அந்த ஆண்டுகளில் நியூயார்க்கில் வாழ்ந்த லவ்கிராஃப்ட், குடியேறிகள் நிறைந்த ஒரு வட்டாரத்தை நரகமாக்கி 'ரெட் ஹூக்' கதையை எழுதினார். 1931இல் எழுதிய 'இன்ஸ்மவுத்' கதையில் கடல்வாழ் இனத்தோடு கலந்துபோன ஓர் ஊரைப் பார்த்து மிரளும் கதைசொல்லி, கடைசியில் தன் உடலிலும் அதே இரத்தம் ஓடுவதைக் கண்டுபிடிக்கிறான். கதையின் உச்சம் ஒரு வம்சாவளி ஆய்வு. பிறப்புப் பதிவேட்டைத் தோண்டி ஒருவரை வெள்ளையர் அல்லாதவராக்கும் பதிவாளரின் வேலையே இங்கே திகிலாக மாறியிருக்கிறது. உலக மிகுபுனைவு விருதின் சிலையாக லவ்கிராஃப்டின் தலைதான் நெடுங்காலம் இருந்தது. 2011இல் அதைப் பெற்ற நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் ன்னெடி ஒகோராஃபோர், அந்தத் தலையை வீட்டில் வைத்திருப்பது தனக்கு என்ன பொருள் தருகிறது என்று பொதுவில் எழுதினார். 2015இல் சிலை கைவிடப்பட்டது. சரியான முடிவுதான். ஆனால் தலையை எடுத்தபின்னும் வம்சாவளித் திகில் அந்த வகைமையில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

டோல்கீன் வேறு மனிதர். அவரை லவ்கிராஃப்டோடு ஒரே கூண்டில் ஏற்றுவது அநியாயம். 1938இல் 'தி ஹாபிட்' நாவலை மொழிபெயர்க்க விரும்பிய ஒரு ஜெர்மன் பதிப்பகம், நீங்கள் ஆரியரா என்று கேட்டு எழுதியது. அவர் எழுதிய பதில் வரைவு இன்று நமக்குக் கிடைக்கிறது. ஆரியம் என்பது இந்திய ஈரானிய மொழிக்குடும்பத்தின் பெயர், தன் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதில்லை என்று அதில் எழுதினார். யூதரா என்பதுதான் கேள்வியென்றால், அந்தத் திறன்மிக்க மக்களில் தனக்கு மூதாதையர் இல்லாததற்கு வருந்துவதாகச் சேர்த்தார். மொழியின் பெயரை மொழிக்கே திருப்பிக் கொடுத்த பதில் அது. சாயணர் பக்கம் நின்ற பதில். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர் 1959இல் ஓய்வுபெறும் உரையில் நிறவெறி ஆட்சி மீதான வெறுப்பையும் வெளிப்படையாகச் சொன்னார். நாவலிலும் இந்தப் பக்கம் உண்டு. கோண்டோர் அரசில், வடபுலத்துத் தாய்க்குப் பிறந்த மன்னன் எல்டகாரின் கலப்பு இரத்தத்தை ஏற்க மறுத்தவர்கள் உள்நாட்டுப் போர் தொடுக்கிறார்கள். அந்தப் போர்தான் நாட்டைச் சிதைக்கிறது, கலப்பு அல்ல. ஆயினும் அவருடைய உலகம் முழுவதும் உயர்ந்த மனிதர், நடுத்தர மனிதர், இருளின் மனிதர் என்று வம்சங்களால் அடுக்கப்பட்டிருக்கிறது. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருபவர்கள் எதிரியின் படையாகவே வருகிறார்கள். ஓர்க்குகள் அவரைக் கடைசிவரை உறுத்தினார்கள். தீமையால் எதையும் படைக்க முடியாது, படைத்ததைக் கெடுக்கத்தான் முடியும் என்பது அவருடைய கத்தோலிக்க நம்பிக்கை. அப்படியானால் ஓர்க்குகளுக்கும் ஆன்மா இருக்க வேண்டும். ஆன்மா இருந்தால் மீட்பும் இருக்க வேண்டும். எல்ஃபுகளைக் கெடுத்து உருவானவர்களா, மனிதர்களைக் கெடுத்தா, வெறும் விலங்குகளா என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். முடிவுக்கு வரவே இல்லை. நல்ல மனம் படைத்த ஒருவர், தான் எடுத்துக்கொண்ட இலக்கணத்தோடு முட்டி மோதிய தடயம் அது. ஓர் எழுத்தாளர் இனவாதியா இல்லையா என்று விசாரிப்பதால் இந்தப் பிரச்சினை தீராது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அவருக்குப் பின்வந்தவர்கள் தயக்கத்தை விட்டுவிட்டு இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டும் அதன் பிந்தைய பதிப்புகளும் இனத்தை எண்ணாக்கின. பாதி ஓர்க்காக ஆடினால் வலிமைக்கு ஒன்று கூடும், வசீகரத்துக்கு இரண்டு குறையும். ஓர்க்கு இனம் முழுவதற்கும் அறநிலை 'தீயது' என்று அச்சிடப்பட்டது. குணத்தையும் நிறத்தையும் ஒரே வரியில் எழுதிய லின்னேயஸின் பட்டியல் பகடைக்கட்டையோடு திரும்பி வந்தது. 2020இல் பதிப்பாளர்கள் இந்த எண்களைப் பிறப்பிலிருந்து விடுவிக்கத் தொடங்கினார்கள். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லே போய் 'உயிரினம்' என்ற சொல் வந்தது. எண்களை விடுவித்ததை நான் வரவேற்கிறேன். சொல்மாற்றத்தில் எனக்கு ஐயம் உண்டு. ஒரே மனிதகுலத்தை வெவ்வேறு உயிரினங்களாகப் பிரிப்பதுதான் மார்ட்டனின் ஆசையாகவும் இருந்தது.

இன்னொரு தடை சற்றுக் கடுமையானது: ஓர்க்கைப் பார்த்ததும் உனக்குக் கறுப்பினத்தவர் நினைவு வந்தால், இனவாதம் உன் மனத்தில்தான் இருக்கிறது. ஓர்க்கு எந்த மக்களையும் குறிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் வாதம் நிற்கும். யாரைக் குறிக்கிறது என்பதைவிட, எதை நம்பப் பழக்குகிறது என்பதே கேள்வி. 'ஹாரி பாட்டர்' வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூய இரத்தக் கொள்கையை வெளிப்படையாக எதிர்ப்பது அந்தக் கதையின் முதுகெலும்பு. அதே கதையில் வீட்டு எல்ஃபுகள் என்றோர் இனம் கூலியில்லாமல் உழைக்கிறது. ஒருவர் இருவர் தவிர மற்றவர்கள் அதிலேயே மகிழ்கிறார்கள், விடுதலை கிடைத்தால் அழுகிறார்கள். அவர்களுக்காகச் சங்கம் தொடங்கும் சிறுமி கேலிக்குள்ளாகிறாள். 1851இல் லூசியானாவின் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று கட்டுரை எழுதி, அதற்குப் பெயரும் சூட்டினார். அடிமைத்தனம் அவர்களின் இயல்பு, ஆகவே சுதந்திரத்தை நாடுவது பிறழ்வு என்பது அவருடைய தர்க்கம். நாவலாசிரியர் கார்ட்ரைட்டைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இயல்பிலேயே அடிமையான ஓர் இனம் என்ற கற்பனை, யாரும் தேடாமலே கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது.

எளிய பரிகாரங்களில் எனக்கு முழு நம்பிக்கையில்லை என்றாலும் அவற்றைத் தள்ளிவிட முடியாது. 1967இல் சாமுவேல் டெலனி, கறுப்பு நாயகனைக் கொண்ட தம் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட அனுப்பியபோது, வாசகர்கள் அப்படிப்பட்ட நாயகனோடு ஒன்ற மாட்டார்கள் என்று ஜான் காம்ப்பெல் என்ற புகழ்பெற்ற இதழாசிரியர் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு உர்சுலா லெ குவின் 'எர்த்சீ' வரிசையைத் தொடங்கினார். அவருடைய நாயகன் கெட் செம்பழுப்புத் தோலன். வெள்ளைத் தோலர்கள்தான் தீவுகளைச் சூறையாட வரும் முரடர்கள். 2004இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் கெட்டை வெள்ளையராக்கினார்கள். லெ குவின் கோபத்தோடு கண்டித்து எழுதினார். யார் நாயகராகலாம் என்பது அற்பக் கேள்வியல்ல. ஆனால் லெ குவின் நிறங்களை இடம் மாற்றியதோடு நிற்கவில்லை. கெட்டின் எதிரி அவனே அகந்தையால் அவிழ்த்துவிட்ட நிழல். அடுத்த நாவலின் நாயகியே அந்த முரடர் கூட்டத்துப் பெண். பக்கத்தை மட்டும் புரட்டிப்போடும் வழியும் உண்டு. தமிழில் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது; 1948இல் தடைசெய்யப்பட்டு 1971இல்தான் மீண்டது. இழிவுபடுத்தப்பட்டவர்களின் தன்மதிப்புக்கு அது தேவைப்பட்டது, அந்தத் தடை அநீதியானது. எனினும் இராமகாதை இரண்டு இனங்களின் போர் என்ற வாசிப்பு, மூக்கை அளந்தவர்கள் வழியாகத்தான் நமக்கு வந்தது. கம்பனிடம் பங்காளியாகவும் தம்பியாகவும் இருந்தவர்கள் அந்த வாசிப்பில் இனங்களாகப் பிரிந்துபோனார்கள்.

எதிரி இல்லாமல் கதை ஏது என்பார்கள். இல்லைதான். ஆனால் டோல்கீனின் நாவலிலேயே நம்மை உலுக்கும் தீமை எது? அதிகாரம் தரும் மோதிரத்தின் மீதான ஆசை. போரோமிர் அதற்கு விழுகிறான், சாருமான் விழுகிறான், கடைசி விளிம்பில் நாயகன் ஃபுரோடோவே விழுகிறான். கோல்லும் ஹாபிட்டுகளின் உறவினன்தான். இவர்களில் யாருக்கும் தீமை பிறப்பில் எழுதப்படவில்லை. அதனாலேயே அவர்களின் வீழ்ச்சி வலிக்கிறது. கூட்டங்கூட்டமாக வெட்டுண்டு சாயும் ஓர்க்குகளின் சாவு வலிப்பதில்லை, வலிக்கக் கூடாது என்பதற்காகவே அவர்கள் அப்படிப் படைக்கப்பட்டார்கள். வெட்டுபவரின் கை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா. தெற்கத்தி வீரன் ஒருவன் செத்து விழும்போது, இவன் பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவன்தானா என்று ஃபுரோடோவின் தோழன் சாம் நினைத்துப் பார்க்கிறான். ஓர்க்குகளுக்கு அந்த நினைப்புக் கிடைப்பதில்லை.

இரண்டாம் பாகத்தின் இறுதியில் மட்டும் ஓரிடம் இருக்கிறது. மலைச் சுரங்கத்தின் இருட்டில் சாம் மறைந்து பின்தொடர, ஷாக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க்குத் தலைவர்கள் நடந்துகொண்டே பேசுகிறார்கள். மேலதிகாரிகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். போர் முடிந்தால் நம்பகமான சில ஆட்களோடு எங்காவது போய், பெரிய தலைகள் யாரும் இல்லாமல் வாழலாமே என்கிறான் ஒருவன். பிறகு ஒரு வெள்ளிச்சட்டைக்காக இருவரின் ஆட்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். அவர்களைப் படைத்த இலக்கணம் அதைத்தான் கேட்டது. ஆனால் மொழியறிஞரான டோல்கீன், அதற்கு முன் சில பக்கங்களுக்கு, சாமுக்கும் நமக்கும் விளங்கும்படி அவர்களைப் பேசவிட்டார். அந்தச் சில பக்கங்களில் ஓர்க்கின் மூக்கு எப்படியிருந்தது என்று நமக்குத் தெரியவில்லை. சுரங்கத்தில் குரல்தான் கேட்கிறது.